நிலுவை

பசறைப் பக்கம் கச்சான் காற்று
புல்லின் நுனியைக்கூட விட்டுவைக்காத ஆவணி.
டிலக்ஸன் தப்பாக எதுவும் செய்துவிடவில்லை.
வேலியோரம் வெட்டிப் போட்டு வாடிக் கிடந்த மரவள்ளித் தழையை
ஒரு கட்டு அள்ளிவந்து போட்டான்.
சுட்டிக்குப் பசி. அவ்வளவுதான்.

நான் போய்ச் சேர மணி ஏழரை.
கடைசி வளைவுக்கு மேலே மோட்டார் சைக்கிள் ஏறாது.
லயத்தின் கோடியில், டோர்ச் வெளிச்சத்தில்,
பசு விலா இரைக்கக் கிடந்தது.
கீழிமையை இழுத்துப் பார்த்தேன்,
செம்பருத்திச் சிவப்பு.
'ரத்தம் நல்லாத்தானே இருக்கு டொக்டர்?'
என்றாள் பூரணவள்ளி.

இல்லை.
அது செலவழிக்க முடியாத ரத்தம்.
காற்றைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு தசையின் வாசலிலும்
நின்று நின்று திரும்புகிறது.
சயனைட்டு உள்ளே தாழ் போட்டுவிட்டது.

மாற்று மருந்து அவள் உடம்பிலேயே உண்டு.
புல்லிலிருந்து, இரைப்பையின் கோடி உயிர்கள் கட்டித் தரும் மெதியோனின்
ஈரலுக்கு வரும்.
தன்னிடமுள்ள ஒற்றைக் கரியை யாருக்கோ தானம் கொடுத்துவிட்டு
ஹோமோசிஸ்டீனாகி முச்சந்தியில் நிற்கும்.
திரும்பிப் போனால் பழைய பெயர் கிடைக்கும்.
முன்னே போனால், போனதுதான்:
செரினோடு கைகோத்து, பிறகு பிரிந்து,
கந்தகத்தை மட்டும் சிஸ்டீனிடம் ஒப்படைத்துவிட்டு
மறைந்துபோகும்.
அந்தக் கந்தகம்தான் கொம்பு,
அதுதான் குளம்பு, வாலின் குஞ்சம்,
பித்தத்தின் கசப்பில் கரைந்திருக்கும் டோரின்.
மிச்சம் சல்பேற்றாகி மூத்திரத்தோடு போகும்.
கொஞ்சம், மிகக் கொஞ்சம்,
விஷத்தின் வாயில் ஓர் அணுவை ஊட்டி
அதைச் சாதுவாக்கி அனுப்பவும் ஆகும்.

ஈரலில் அதற்கான நொதியம் ஏராளம்.
கை இருக்கிறது, கூடை இருக்கிறது,
கொழுந்துதான் இல்லை.
இதைப் பூரணவள்ளிக்கு விளக்கவே தேவையில்லை.
மூன்று வாரமாய் அவளுக்கு அரைப் பேர்.

கந்தோர் அலுமாரியில் ஊசி மருந்து முடிந்து
இரண்டு மாதம்.
ஜவுபர் நானாவுக்கு அழைத்தேன்.
'ஹைப்போவா? இப்ப யாரு படம் கழுவுறது?
ஒரு டின் கிடக்கு, அனுப்புறன்' என்றார்.
அவர் வாப்பாவின் இருட்டறையில்
அந்த உப்புத்தான்
அக்கரைக்கு ஏற்றப்பட்டவர்களின் முகங்களைக் கடதாசியில் நிறுத்தி வைத்தது,
வெளிச்சம் பட்டும் கறுத்துப்போகாமல்.
ஒரு மூலக்கூறுக்கு இரண்டு கந்தகம்.
ஒன்றைக் கடன் கொடுக்கலாம்.

ஆட்டோவில் வந்த டின்னைத் திருகித் திறந்து
சாராயப் போத்தலில் கரைத்து
நாக்கைப் பக்கத்தில் ஒதுக்கிப் பிடித்து
ஊற்றினேன். பாதி என் சட்டையில்.
மறுபடி கரைத்தேன்.

காத்திருந்தோம்.
பக்கத்து வீட்டு டீவியில் யாரோ அழுதார்கள்.
டிலக்ஸன் கொம்பைப் பிடித்தபடியே தூங்கிப்போனான்.

பத்தே கால் இருக்கும்,
சுட்டி முன்னங்கால்களை மடக்கி, யோசித்து,
எழுந்தாள்.
எழுந்ததும் நீண்டநேரம் மூத்திரம் பெய்தாள்.
கானோரம் சலசலத்து மரவள்ளிப் பாத்திக்கே ஓடியது,
பல் பிடுங்கிய விஷம்.
சரியாக நிலுவை பார்த்த ஈரல்.

போத்தலைக் கழுவித் தந்தபடி கேட்டாள்:
'நாங்களும் அந்தக் கிழங்கத்தானே திங்கிறோம் டொக்டர்?'

திறந்த சட்டியில் அவிக்கச் சொன்னேன்.
தண்ணீரை இறுத்துக் கொட்டச் சொன்னேன்.
'இஞ்சிகூடச் சேக்கிறதில்ல' என்றாள் அவசரமாக.
முட்டை, கருவாடு ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்,
கந்தகம் அதில்தான் இருக்கிறது என்றேன்.

கருவாட்டின் விலை
சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.
'சரிங்க' என்றாள்.